நீலத் தட்டு

இருபத்திரண்டு வருஷம்
பாயான் லெப்பாஸில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தவள் நான்.
நகக்கண் அளவுகூட இல்லாத சில்லுகள்.
நல்லது இடத் தட்டு, கழிவு வலத் தட்டு.
ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் தீர்ப்பு.
ஒரு சில்லும் மேல்முறையீடு செய்ததில்லை.

இன்று என்னைப் பார்க்கிறார்கள்.
"வேதவல்லி அனாக் பெரம்புவான் மாரப்பன்!"
தாதி கூப்பிட்டதும் பொத்தான் அவிழ்த்துப் படுக்கிறேன்.
விலாவில் குளிரூட்டி ஊதுகிறது.

இரண்டு வாரமாய்த் தாடையில் ஒரு கனம்.
பல்லென்று நினைத்து எழுபது வெள்ளி அழுதேன்.
மாடிப்படியில் பாதியில் நிற்கிறேன்.
நெஞ்சு வலியா? இல்லை.
எல்லோரும் நெஞ்சைத்தான் கேட்கிறார்கள்.

காகிதத்தில் கோடு ஓடி முடிவதற்குள்
பக்கத்துத் திரையில் புதிதாய் வந்த மென்பொருள்
என்னைப் படித்துவிட்டது.
பச்சை எழுத்து: அபாயம் குறைவு. நூற்றுக்குப் பதினொன்று.

டாக்டர் ஃபைரூஸின் தோள்கள் தளர்ந்தன.
"லட்சம் இதயங்களைப் பார்த்துப் படித்தது, மக்சிக்."

எனக்குப் பச்சையைத் தெரியும்.
அந்தத் திரைக்குள் கிடக்கும் சில்லு
என் இடத் தட்டிலிருந்து போனதாகவும் இருக்கலாம்.
போயிருந்தால் அதில் குறை இருக்காது,
அது வேறு விஷயம்.
எங்கள் லைனில் சோதனைக் கருவி வந்த வருஷம்
ஓரம் விரிந்த தொகுதி ஒன்று
முழுசாய்ப் பச்சையில் கடந்து போனது.
பழைய மாடலைக் காட்டிப் பழக்கிய கண்.
காட்டாத விரிசல் அதற்கு விரிசலே இல்லை.
கருவியை நான் திட்டவில்லை.
அதற்குத் தூக்கம் வராது, பொய் வராது,
வீட்டு ஞாபகம் வராது.

அதனால்தான் கேட்டேன்,
கம்பிகள் இன்னும் மார்பில் தொங்க:
"அந்த லட்சத்தில் பெண்கள் எத்தனை பேர், டாக்டர்?"

விசைப்பலகையைத் தொட்டார். கையை எடுத்தார்.
வெளியே நானூற்றுப் பதினேழை மூன்று முறை கூப்பிட்டார்கள்,
யாரும் எழுந்து வரவில்லை போல.
"தெரியவில்லை," என்றார்.

இரண்டு வாரத்தில்
என் காதில் விழுந்த முதல் நேர்மையான பதில்.

எங்களிடம் இன்னொரு தட்டு உண்டு, டாக்டர்.
நீலம்.
கண்ணுக்குச் சரி, மனசுக்கு உறுத்தல் என்றால்
அதில் போடுவோம்.
இன்னொருவர் பார்க்கும்வரை
அது பெட்டியில் ஏறாது.

அவர் சிரிக்கவில்லை.
ரத்தம் எடுக்கச் சொன்னார்,
மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும்.
இரவு இங்கேயே இருங்கள் என்றார்.
பச்சை எழுத்தை அழிக்கவில்லை,
அதன் கீழே தன் பெயரைத் தட்டி
ஒரு கேள்விக்குறி போட்டார்.

பிறையிலிருந்து எங்கள் பஸ்
இந்நேரம் பாலத்தில் ஏறியிருக்கும்.
என் இருக்கையில் ரொஸ்னா
பையை வைத்திருப்பாள்,
யாரும் உட்கார்ந்துவிடாதபடி.