ஏழு சுற்று

ஆறாம் நாளும் மின்சாரம் வரவில்லை.
லேக் சார்ல்ஸ் தெருக்களில் ஜெனரேட்டர்களின் இருமல்.
வேனில் பதினான்கு கண்ணாடிகள் கொண்டுவந்தேன்,
இடையிடையே பழைய போர்வை சொருகி.
இன்று நாலாவது வீடு க்ளோவிஸ் ஃபான்டனோவுடையது.
வீடு என்று முகவரிதான் சொல்கிறது.
கூரை பக்கத்துத் தெருவில் கிடக்கிறது.

கார் மட்டும் முழுசாக நிற்கிறது.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவரின் ஒழுங்கு அதில் தெரிந்தது:
மரம் இல்லாத பக்கம், செங்கல் சுவரை ஒட்டி,
ஜன்னலுக்கு ஜன்னல் அட்டை,
அட்டைக்கு மேலே குளியலறைத் திரை,
சுற்றிலும் நீல டேப், ஓரம் பிசகாமல்.
கண்ணாடி மேல் டேப்பால் பெருக்கல் குறி போட்டால் போதும் என்று
இந்த ஊரில் பாதிப்பேர் இன்னும் நம்புகிறார்கள்.
இவர் நம்பியவர் இல்லை.

மூன்று ஜன்னலில் ஒரு கீறல் கிடையாது.
இடப்பக்கப் பின்கதவில் மட்டும் குப்பைப் பை படபடத்தது.

"காற்றா?" என்றேன், தாளும் பேனாவுமாக.
"காற்று என்றே எழுதிக்கொள்."

முன் கண்ணாடிக்கு நடுவில் ஒரு படலம் உண்டு,
நொறுங்கினாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்.
பக்கக் கண்ணாடிக்கு அப்படி யாரும் இல்லை.
ஒரு மூலையில் அடி விழுந்தால்
மொத்தமும் கல்லுப்பாகக் கொட்டிவிடும்.
குனிந்து பார்த்தேன்.
இருக்கையில் நாலைந்து மணிகள்.
மிச்சமெல்லாம் வெளியே, புல்லில்.

காற்று உள்ளேயிருந்து அடிக்காது, மிஸ்டர் ஃபான்டனோ.

நான் வாய் திறக்கவில்லை.
அவரே சொன்னார், என்னைப் பாராமல், சுவரைப் பார்த்து.
கூரை போனதும் காருக்குள் ஓடி வந்தாராம்.
ஏரி பின்னாலேயே வந்ததாம்.
முழங்கால், பிறகு இருக்கை.
பொத்தானை அழுத்தினால் ஜன்னல் அசையவில்லை,
கதவைத் தள்ளினால் தண்ணீர் திருப்பித் தள்ளியது.
தலையணைக் கம்பியைப் பிடுங்கி மூலையில் குத்தினார்.
கண்ணாடி போனது.
அட்டை போகவில்லை.
"அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தேன்" என்று
நீல டேப்பை நகத்தால் சுரண்டினார்.

எஞ்சின் செத்துப்போன கார்.
இன்சூரன்ஸ்காரன் கழித்துக் கட்டிவிட்டான்,
இழுத்துப் போக ஒரு மாதம் ஆகுமாம்.
பிறகு எதற்குக் கண்ணாடி என்று கேட்க வாயெடுத்தபோது
பின்சீட்டைப் பார்த்தேன்:
மடித்த போர்வை, டார்ச், ஒரு டப்பா பிஸ்கட்,
துவைத்துக் காயப்போட்ட சாக்ஸ் ஒரு ஜோடி.

கதவின் உள்தட்டைக் கழற்றினேன்.
சேறும் கண்ணாடியுமாகக் கையகலம் கொட்டியது.
முழுக்கவும் வராது, தெரியும்.
எத்தனை உறிஞ்சினாலும் அடியில் கொஞ்சம் தங்கி
கதவைச் சாத்தும்போதெல்லாம் சிலுசிலுக்கும்.

"மூடினபடி பொருத்திவிடுகிறேன், மழை உள்ளே வராது."
"வேண்டாம்."
இத்தனை நேரத்தில் அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான்.
"திறக்க வேண்டும். பொத்தானால் இல்லை."

மறுநாள் சல்ஃபரில் பழைய இரும்புக் கடைக்குப் போனேன்.
இதே கார், விலை குறைந்த ரகம், பக்கவாட்டில் நசுங்கியது.
அதன் கதவில் கைப்பிடி இருந்தது,
சுற்றினால் இறங்கும், சுற்றினால் ஏறும்.
கடைக்காரி ரெய்லீன் எட்டு டாலர் கேட்டாள்,
எதற்கு என்றதும் ஐந்து வாங்கிக்கொண்டாள்.

ரப்பர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி
கண்ணாடியை இறக்கிப் பொருத்தினேன்.
அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.
சிலுசிலு.
சுற்றினார்.
ஒன்று, இரண்டு, உதடு மட்டும் அசைந்தது.
ஏழில் முழுசாகத் திறந்தது.
மறுபடி ஏற்றினார். மறுபடி இறக்கினார்.
அடுத்து கண்ணை மூடிக்கொண்டு,
இருட்டில் கை தேடுவதுபோல் தேடி.

வேன் ரேடியோவில் அடுத்ததற்குப் பெயர் சொன்னார்கள்,
கியூபாவுக்குத் தெற்கே, இன்னும் சிறியதுதானாம்.
நான் ஒலியைக் குறைத்தேன்.
தாளில் 'காரணம்' என்ற கட்டம் இன்னும் காலியாக இருந்தது.
பின்னால் அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.