நனைந்த மூட்டை

பெரட்டு முடிந்து ஐந்தே முக்காலுக்கு
முதல் மூட்டை தோளில் ஏறும்.
யூரியா, ஐம்பது கிலோ.
ஐந்தாம் படிவத்தில் கெமிஸ்ட்ரி தோற்றவள்தான்,
இது மட்டும் மறக்கவில்லை:

அறுபது பங்கில் நைட்ரஜன் இருபத்தெட்டு,
ஆக்சிஜன் பதினாறு, கரி பன்னிரண்டு,
மிச்சம் நாலும் ஹைட்ரஜன்.
பிந்துலுவில் கட்டிய மூட்டையோ
சீனக் கப்பலில் வந்ததோ,
சிட்டிகைக்கும் அதே கணக்கு
கொட்டகைக்கும் அதே கணக்கு.

செம்பனை கேட்பது அந்த இருபத்தெட்டைத்தான்.
மற்றதையும் சேர்த்தே சுமக்கிறோம்
நானும் ரஃபீக்கும்.
'பெராட்' என்பான் அவன், டாக்கா வாடையோடு மலாயில்.
எனக்கும் கனம்தான்.

நேற்று சுங்கை சிப்புட்டில் விடிய விடிய மழை.
தகரம் ஒழுகி, ஓரத்து மூட்டை
தராசில் ஐம்பத்திரண்டு காட்டியது.
தண்டல் ஐம்பது என்றே எழுதினார்.
மேலேறிய இரண்டு கிலோ வெறும் தண்ணீர்;
ஹைட்ரஜன் ஒன்றுக்கு ஆக்சிஜன் எட்டு,
மழைகூடப் பிசகவில்லை.

மத்தியானம் சம்பளச் சீட்டு வந்தது.
போன மாதப் பிடித்தம் எழுபது வெள்ளி,
இந்த மாதம் நூற்றுப் பத்து.
கிராணி நிமிரவில்லை.

உனக்கு எவ்வளவு என்று ரஃபீக்கைக் கேட்டேன்.
சீட்டை நாலாய் மடித்துச்
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.