முப்பத்தொன்று புள்ளி நான்கு

கோல கெட்டிலில் பதினெட்டு நாளாய் மழை இல்லை.
பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டாயிற்று.
மீன்களுக்கு யார் விடுவது?

ஆறடித் தொட்டி. எழுநூறு லிட்டர்.
மூட்டை மூட்டையாய் உப்பு வாங்கிக் கரைத்து
ஹாலில் நாங்களே செய்துகொண்ட கடல்.
நிஜக் கடல் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது.
அதைப் பார்த்து மூன்று வருடமாகிறது.

திங்கள் விடியற்காலை சில்லர்
ஒருமுறை இருமிவிட்டு நின்றுபோனது.
சாமான் பினாங்கிலிருந்து வரவேண்டும், வியாழன் ஆகும் என்றான் கடைக்காரன்
நாசி லெமாக் மென்றுகொண்டே.

சந்திரகாசன் செம்பனை ஆலையில் பாய்லர் பார்ப்பவன்.
எட்டு மணி நேரம்
நீராவி இறங்காமல் நெருப்புக்கு ஊட்டிவிட்டு
வீட்டுக்கு வந்து
தண்ணீர் ஏறாமல் காவல் இருக்கிறான்.
நான் கிளினிக்கில் தாதி.
இன்று மட்டும் நாற்பது நெற்றி பார்த்தேன்.
மீனுக்கு நெற்றி எங்கே?
கடற்சாமந்தி கோபக்காரப் பிள்ளையின் கைபோல்
இறுக மூடிக்கொண்டது.
கோமாளி மீன் ஒன்று மேலே வந்து
வாயைத் திறந்து மூடுகிறது, திறந்து மூடுகிறது.
மூச்சுத் திணறல் எனக்குத் தெரியும்,
எந்த உடம்பில் வந்தாலும்.

மூடியைக் கழற்றினோம். விளக்கை அணைத்தோம்.
நான்கு மேசை விசிறிகளைத்
தண்ணீரின் முகம் பார்த்து வைத்தோம்:
இரண்டு எங்களுடையவை,
ஒன்று எதிர்வீட்டு ரோகானாவுடையது,
ஒன்று கோயில் திருவிழாவுக்கு வாங்கி
யாரும் திருப்பிக் கேட்காதது.
காற்று தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறது,
போகிற தண்ணீர் சூட்டையும் கொண்டுபோகிறது,
உப்பை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டு.
நாளுக்கு இரண்டு வாளி குறைகிறது.
நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும்.
முதல் வருடம் தெரியாமல் உப்புத் தண்ணீரையே ஊற்றி
இரண்டு பவளங்களைக் கொன்றவள் நான்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்;
அவை நினைத்திருக்கும்.

ஐஸ் வேண்டும். காலி சோடா போத்தல்கள் இருபது இருக்கின்றன.
பிரீசரில் இடமில்லை.
அவன் தங்கை கோல மூடாவிலிருந்து கொண்டுவந்த
கெம்போங் மீன், ஆறு கிலோ.
"அதை எடு" என்றான்.
"எடுத்து?"
"குழம்பு வை."
இரவு பத்து மணிக்கு, புளி கரைத்து,
தொட்டிக்கு முதுகைக் காட்டியபடி
ஆறு கிலோ மீனையும் சமைத்து முடித்தேன்.
வரிசையில் ஏழு வீட்டுக்கும் கொடுத்தனுப்பினோம்.
என்ன விசேஷம் என்று கேட்டாள் ரோகானா.
காய்ச்சல் என்றேன்.
யாருக்கு என்று கேட்கவில்லை, நல்லவள்.

ஒரு நேரத்துக்கு ஒரு போத்தல்.
பதறி ஐந்தாறு போட்டால் குளிரே கொன்றுவிடும்.
மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து
மெல்ல இறக்கவேண்டும்,
குழந்தையை முதல்முறை குளிப்பாட்டுகிற மாதிரி.
நீலத்தட்டை மீன் மட்டும் போத்தலைச் சுற்றிச் சுற்றி வருகிறது.
அதற்கு இது விருந்தாளி.

செவ்வாய் மத்தியானம் முப்பத்தொன்று புள்ளி நான்கு.
ராத்திரி முப்பது.
புதன் காலை இறால் ஒன்று செத்துக் கிடந்தது,
சட்டையைக் கழற்றிவைத்த மாதிரி.
சட்டைதானோ என்று வெகுநேரம் பார்த்தேன்.
இல்லை.

இப்போது மணி இரண்டு.
சந்திரகாசன் தொட்டிக்குக் கீழே
வெறும் தரையில் தூங்குகிறான்.
நான்கு விசிறியில் ஒன்றைக்கூடத்
தனக்கென்று திருப்பிக்கொள்ளவில்லை.
பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது.
கோயில் விசிறியின் தலையிலிருந்த குமிழை அழுத்தினேன்.
அது கழுத்தைத் திருப்பத் தொடங்கியது,
கொஞ்சம் கடலுக்கு, கொஞ்சம் அவனுக்கு.

இருபத்தொன்பது புள்ளி ஒன்பது.
திருப்பியதும் முப்பது.
மறுபடி இருபத்தொன்பது புள்ளி ஒன்பது.

அவன் பிடரியைத் துடைத்துவிட்டு
பழக்கதோஷத்தில் விரலை நாக்கில் வைத்தேன்.
தொட்டியைவிட உப்பு கம்மி.