கீழ் வலது எட்டு

எக்ஸ்றேயை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார்
டொக்டர் லக்மால்.
படுத்துக் கிடந்தது பல்.
நிமிர மனமில்லாமல்
பக்கத்துக் காணிக்காரியின் வேரில் தலையை முட்டிக்கொண்டு.
எனக்கு இது புதிதில்லை.
இரவோடிரவாகக் கதியாலைப் பிடுங்கி
ஒரு சாண் தள்ளி நடுகிறவர்களின் வழக்குகளைத்தான்
பதினொரு வருடமாய்
தமிழிலிருந்து சிங்களத்துக்கும்
அங்கிருந்து இங்கேயும் சுமக்கிறேன்.
என் வாய்க்குள் ஒன்று நடந்துகொண்டிருந்தது
எனக்கே தெரியாது.

"பல்லுங்கோ கழட்டவேணும்" என்றார்.
மாத்தறைக்காரர். புதுத் தமிழ்.
கைவசமிருந்த மரியாதை முழுவதையும்
பல்லுக்குக் கொடுத்துவிட்டார்.

முதல்நாள் இரவு
இனிக் கிடைக்காததை எல்லாம்
இடப்பக்கத்தால் கடித்துத் தீர்த்தேன்:
கச்சான், பகோடா, முறுகிய அப்பத்தின் ஓரம்.
பனடோல் இரண்டு அட்டை.
தலையணைக்குப் பழைய உறை, இரத்தம் பட்டாலும் பரவாயில்லை.
லீவுக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில்
"பல்" என்று மட்டும் எழுதியிருந்தேன்.
"ஒரு பல்லுக்கு நாலு நாளோ?" என்றார் பதிவாளர்.

காலையில் சம்மதப் படிவம், மூன்று மொழியில்.
பழக்கதோஷம், மூன்றையும் ஒப்பிட்டேன்.
சிங்களத்தில், உதடு மரத்துப்போகக் கூடும்.
தமிழில், உதடு மரமாகக் கூடும்.
வெட்டித் திருத்தி
அதன் கீழே கையெழுத்து வைத்தேன்.

ஊசி, மூன்று தரம்.
பிறகு கீழுதட்டைத் தொட்டேன்,
பஸ்ஸில் பக்கத்துச் சீற்றுக்காரியின் பையைத்
தவறித் தொட்டதுபோல் இருந்தது.
கோட்டிலும் இப்படித்தான்.
நான் குத்தவில்லை.
நான் அவரை அன்றுதான் முதலில் கண்டேன்.
என் புருஷன் எனக்கு அடிக்கிறதில்லை ஐயா.
யாருடைய "நான்" என்றாலும்
"நான்" என்றே சொல்லவேண்டும், அது விதி.
பின்னேரம் முகம் கழுவும்போதுதான்
வாய் என்னிடம் திரும்பி வரும்.

"வலிச்சா கை தூக்கு."
தூக்குங்கோ, என்று திருத்த எழுந்த நாக்கைக்
கண்ணாடிக் கரண்டி அமத்தியது.
பல் நாலு துண்டாய் வந்தது.

பஞ்சைக் கடித்தபடி வாங்கில் இருந்தேன்.
அடுத்தது மண்டைதீவுச் சவிரிமுத்து, சரமும் பனியனும்.
"குத்து இல்லை டொக்டர், விண் விண் எண்டு
காதுக்குள்ளாலை இழுக்குது."
"விண்?" என்று மேலே பார்த்தார் டொக்டர்.
மேலே மின்விசிறி.
தாதி என்னைப் பார்த்தாள். "மிஸ் கோட்டிலதானே?"

வாயைக் காட்டினேன்.
பிறகு மருந்துத் துண்டின் பின்பக்கம்
சிங்களத்தில் எழுதினேன்:
அவருக்கு வலிக்கிறது.
அவர், என்று.
விண் விண்ணுக்கு எனக்குச் சொல் வரவில்லை.
டொக்டரின் மணிக்கட்டைப் பிடித்து
ஒரு விரலால் தட்டினேன்.
தட். தட். தட்.
"ஆ" என்றார்.

றெஜினா ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டாள்.
ஐஸ் குருநகரிலிருந்து, தம்பியின் மீன்பெட்டி ஐஸ்.
இரண்டு நாள் என் கன்னத்தில் சூடை மணம்.
பக்கத்துவீட்டுப் பூனை
யன்னலடியை விட்டு நகரவில்லை.
வீக்கத்தைக் கண்ட பால்காரர்
சைக்கிளை நிறுத்திக் கேட்டார், "அடிச்சது ஆர்?"
சொன்னால் நம்புவாரோ, மரியாதையான மனிசன் ஒருவர் என்று.

உப்புத் தண்ணீர், ஆறு தரம். துப்பக்கூடாது,
தலையைச் சரித்து வழியவிட வேண்டும்.
ஆறின கஞ்சி. தூளில்லாத கூழ்,
அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.
மூன்றாம் இரவு
வலி காதுவரை போய்த் திரும்பியது.
சவிரிமுத்து சொன்னது சரி.
நாக்கு மட்டும் சொன்னபடி கேட்காமல்
வெறுங்காணியை அளந்து அளந்து பார்த்தது.

ஐந்தாம் நாள் கோட்.
வாய் இரண்டு விரற்கடை திறக்கும்.
சாட்சிக்காரி ஏதோ மெல்லச் சொன்னாள்.
"சத்தமாக" என்றார் நீதவான்,
அவளுக்கா எனக்கா தெரியவில்லை.
"நான்" என்றேன்.
தையல் இழுத்தது.