எட்டாவது கோல்

அப்பா தோளில் இரண்டு ஜோடி ஸ்கீ.
அவர் திரும்பும்போதெல்லாம்
பின்னால் வருகிறவர்கள் குனிகிறார்கள்.

அம்மா கையில் மற்ற இரண்டு,
கழுத்தில் நாடாவோடு தொங்கும் பூட்ஸ்,
பல்லிடுக்கில் லாக்கர் சாவி.
"கோல்களை எண்ணு, மாதிச்"
என்கிறாள், சாவியைக் கடித்தபடியே.

ஏழு.
மறுபடியும் ஏழு.

இந்த பூட்ஸோடு வண்டிவரை
திரும்ப நடப்பதாவது!
ஒற்றைக் கோலுக்கு வாடகை ஆறு யூரோ.
முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.
லூச்காவை யாரும் கேட்கவில்லை.

கிரான்ஸ்கா கோராவில்
நாள் முழுக்கப் பனி.
சாயங்காலம்
கார்களெல்லாம் ஒரே வெள்ளை மேடு.
எது நம்முடையது?

மூன்றாம் வரிசையில்
விறைத்து நிற்கிறது ஒரு மஞ்சள் கோல்,
உச்சியில் தங்கையின் கையுறை.

"பனி கொட்டும்னு ரேடியோவுல சொன்னாங்களே."

அப்பா சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.
எல்லோரும் குனிந்தோம்.