ஆசிரியருக்குக் கேள்விகள்

ஐயா,
உங்கள் ஐம்பத்தாறு வருட உழைப்பு
ஒன்பது தொகுதிகளாக ஸ்கேன் ஆகி
தரமணியில் நான்காவது மாடிக்கு வந்திருக்கிறது.
பக்கத்துக்குப் பதினோரு ரூபாய்.
கவிதைதானே, பாதிப் பக்கம் வெள்ளை,
ராத்திரிக்கு நாற்பது தள்ளிவிடலாம் என்று
மேனேஜர் ஒப்புக்கொண்டுவிட்டார்.
அடிக்குறிப்புகளை அவர் திறந்து பார்க்கவில்லை.

மூன்றாம் தொகுதி, பக்கம் 212:
'இரவே' என்பதற்குப் பின்னால்
முதல் பதிப்பில் ஒரு கமா.
பதினாறு வருடம் கழித்து எடுத்திருக்கிறீர்கள்.
தாடி நரைத்து, அரண்மனைச் சம்பளம் வாங்கி,
பேரனுக்கு உங்கள் பெயரை வைத்த பிறகு
திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறீர்கள்.
எது இறுதி?
உறுதிசெய்யவும்.

நான்காம் தொகுதி, பக்கம் 38:
கடவுள் வரவேண்டிய இடத்தில்
மென்பொருள் ஒரு மீனின் பெயரை வாசித்திருக்கிறது.
உங்கள் மொழியில் இரண்டுக்கும் ஓரெழுத்துதான் தூரம்.
திருத்திவிட்டேன்.
பக்கத்து சீட் இமாகுலேட் இருந்திருந்தால்
விட்டுடு என்றிருப்பாள்.
காசிமேட்டுக்காரி.
அவள் வீட்டில் இரண்டுக்கும்
ஒரே நேரத்தில்தான் எழுந்திருப்பார்கள்.

ஐந்தைத் தள்ளிவைத்துவிட்டு ஆறை எடுத்தேன்.
ராணிக்கு எழுதியவை.
யுத்தம், கல்யாணம், பாலம் திறப்பு.
கேள்வி எதுவும் இல்லை.
நாற்பது வருடத்தில் இதில் மட்டும்
ஒரு புள்ளியைக்கூட நீங்கள் மாற்றவில்லை.

ஐந்தாம் தொகுதி முழுக்க ஒரே ஆளுக்கு.
செத்துப்போன நண்பருக்குத் தொண்ணூற்றாறு பாட்டு,
பெயரை மட்டும் எங்கேயும் எழுதவில்லை.
இரண்டு இனிஷியல், இரண்டு புள்ளி.
எங்கள் ஃபைலிலும் அப்படித்தான்.
யார் எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்று
ஓரத்தில் இரண்டெழுத்து விழும்.
பக்கம் 347 வரை இ.சூ.
அதற்கப்புறம் நான்.
நவம்பர் மழை, டெங்கு, ஸ்டான்லியில் ஆறு நாள்.
ஷிஃப்ட் முடிந்து ஏழு பேர் நேராகப் போனோம்.
கல்லறையிலும் கழுத்தில் ஐடி கார்டு
தொங்கிக்கொண்டிருந்தது.

இதை முடிக்க உங்களுக்குப் பத்தொன்பது வருடம்.
எனக்கு வெள்ளிக்கிழமை வரை.

347-இல் அவள் ஒரு கேள்வி தொடங்கியிருக்கிறாள்:
'ஆசிரியருக்கு: இந்த வரியில்'
அவ்வளவுதான்.
வரியைப் பத்துத் தரம் படித்துப் பார்த்தேன்.
எழுத்துப்பிழை இல்லை, சந்தம் தட்டவில்லை.
பக்கத்தில் ஆளே இல்லாமல்
குடையைச் சாய்த்துப் பிடித்தபடி
ஒருவன் நடந்துபோகிறான்.

திறந்த கேள்வி இருந்தால் ஃபைல் மூடாது.
லண்டனுக்கு எழுதினேன். பதில் வந்தது:
ஆசிரியர் கிடைக்கமாட்டார்.
நீங்களே முடிவெடுக்கவும்.

அழித்தேன்.
பறக்கும் ரயிலின் முதல் வண்டி ஸ்டேஷனுக்குள் வரும் சத்தம்.
திரும்ப வைத்தேன்.

212-இல் கமா இருக்கட்டும் என்று
போட்டிருக்கிறேன், ஐயா.
ஆட்சேபம் இருந்தால்
வெள்ளிக்குள் சொல்லவும்.