பெருக்கல் குறி

சேரம்பாடியில் மூன்று நாளாக மழை விடவில்லை.
டவர் கிடைப்பது குஞ்ஞலவி காக்கா கடைக்குப் பின்னால்
அந்த ஒரே பாறைமேல்தான்.
குடைக்காம்பைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி
இங்கிலாந்துத் தேர்தலைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அனுசியா படம்பிடித்து அனுப்பிய துண்டறிக்கைகள்.
கிரிம்ஸ்பியில் அவள் தங்கும் வீட்டுக் கதவுத் துளைவழி விழுந்தவை.
நீலம், சிவப்பு, ஆரஞ்சு, பச்சை.
ஒன்றில் வேட்பாளர் நாயோடு நிற்கிறார்.
நாயை நம்பிப் போடலாம் என்று எழுதினேன்.
சிரிக்கும் பொம்மை வந்தது. பின்னாலேயே,
"வெளையாட்டு வேணாம். நாளைக்கு ஓட்டு. சொல்லுங்க."

காமன்வெல்த்தாம்.
அவர்கள் ஆண்ட ஊர்க்காரி என்பதால்
விசாவில் இருப்பவளும் போடலாமாம்.
நம் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும்.
காக்காவிடம் சொன்னேன். ஆற்றிய டீ அந்தரத்தில் நிற்க,
"அப்போ கடன்ல கொஞ்சம் திரும்பி வருது" என்றார்.

நீலம் சொல்கிறது, வருகிறவர்களைக் குறைப்போம்.
சிவப்பும் சொல்கிறது, குறைப்போம், ஆனால் ஒழுங்காக.
வந்தவள் என்றால் அனுசியா.
வரக்கூடாதவர் என்றால் நானும் தர்ஷினியும்.
முதியோர் இல்லத்து வேலைக்கு வருபவர்
குடும்பத்தைக் கூட்டி வரக்கூடாது என்ற சட்டம்
அவள் விசாவுக்குப் பதினோரு நாள் முந்திக்கொண்டது.
ஆரஞ்சு மட்டும், இரண்டாம் பக்கத்தில், சின்ன எழுத்தில்,
அதை எடுத்துவிடுவோம் என்கிறது.
"அது இந்த ஊர்ல ஜெயிக்காதாம்" என்கிறாள்.
"நீலத்தை இறக்கணும்னா செவப்புக்குத்தான் போடணுமாம்.
கூட வேலை பாக்குற பொண்ணு கணக்குப் போட்டுச் சொல்லுது."

அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.
அக்கா வீடு செக்ஷன் பதினேழு நிலத்தில்.
ஒவ்வொரு முறையும் ஜெயிப்பவராகப் பார்த்துப் போட்டோம்,
ஓட்டை வீணாக்கவே இல்லை.
அவள் வீட்டில் இன்னும் சிம்னி விளக்கு.

"மை வெப்பாங்களா?"
"இல்ல. பென்சில். கயித்துல கட்டித் தொங்குமாம்.
பிடிச்ச பேருக்கு நேரா பெருக்கல் குறி."
"பென்சிலா? அழிச்சிற மாட்டாங்க?"

டான்டீ செக்ரோலில் பெருக்கல் குறி என்றால்
ஆள் வரவில்லை. அன்றைக்குக் கூலி இல்லை.
மஸ்கெலியாவில் அப்பாவுக்கு ஓட்டும் இல்லை, நாடும் இல்லை;
செக்ரோலில் மட்டும் பெயர் இருந்தது.
அங்கே குறி போட்டால்தான் ஆள் வந்ததாகக் கணக்காம்.
அனுசியாவிடம் இதைச் சொல்லவில்லை.
மழையில் திரை நனைந்து எழுத்துகள் தானாக மாறின.

"இன்னொண்ணு கேளுங்க.
நான் பாத்துக்குற டோரீன் பாட்டிக்கு தொண்ணூத்தொண்ணு.
ஓட்டுப்போட நாளைக்கு நான்தான் வண்டில தள்ளிட்டுப் போகணும்.
வந்தவங்க எல்லாரையும் திருப்பி அனுப்பணும்னு சொல்ற
வேறொரு கட்சி இருக்கு, அதுக்குத்தான் போடுவாங்களாம்.
உன்னை இல்ல கண்ணு, மத்தவங்களன்னு
என் கையைப் பிடிச்சுக்கிட்டே சொல்றாங்க."

ஆரஞ்சு என்று அடித்தேன். அழித்தேன்.
சிவப்பு என்று அடித்தேன்.
உன் இஷ்டம் என்று அடித்தது கோழைத்தனமாகப் பட்டது.
எதை அனுப்பினேன் என்று எனக்கே நிச்சயமில்லை,
ஒற்றை டிக்கோடு நின்றது.
கீழே யானை இறங்கியிருக்கிறது என்று யாரோ கத்தினார்கள்.
டவர் போனது, கரண்டும்.

மறுநாள் ராத்திரி பாறைமேல் ஏறியபோது
ஒரு படம் காத்திருந்தது.
பள்ளிக்கூட வாசல், சக்கர நாற்காலி,
மடியில் கம்பளி, கம்பளிமேல் இரண்டு பாஸ்போர்ட்.

"போட்டாச்சு."
"யாருக்கு?"
"ரகசியம். போன தடவை நீங்க மட்டும் சொன்னீங்களா?"

சொல்லவில்லைதான்.

கொஞ்ச நேரம் டைப்பிங் என்று காட்டியது, நின்றது,
மறுபடி காட்டியது.
"பக்கத்து மறைப்புல டோரீன் பாட்டிக்கு கை நடுங்குச்சு.
பென்சில் நழுவிருச்சு.
நான்தான் குனிஞ்சு எடுத்துக் குடுத்தேன்."